அத்தையின் மீன்சட்டியும் 0.6 நானோமீட்டரும்

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆகிவிட்டது. மறுபரிசோதனைக்காகத் திருப்புவனத்திலிருந்து மதுரைக்கு வந்தவர் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். வந்த அன்று ராத்திரி, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டார். "ஏத்தா, நீ வேலை பாக்குற மிசினு சின்னதப் பெருசாக் காட்டுமாம்ல. கீழடிப் பானையில என்னமோ குழாய் இருக்குன்னு டிவில சொன்னாய்ங்களே, அத எனக்குக் காட்டேன்."

நான் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இயக்கும் வேலையில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகிறது. ஆய்வு மாணவர்கள் 'செம் எடுக்கணும் மேடம்' என்று சின்னச் சின்ன குப்பிகளோடு வந்து நிற்பார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். வீட்டில் இதுவரை யாரும் என் வேலையைப் பற்றி இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. அதுவும் அத்தை கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது, ஏனென்றால் கீழடியில் குழி வெட்டியபோது அவர் இரண்டு சீசன் அங்கே வேலை பார்த்தவர். மண்ணைச் சுரண்டுவது, சலிப்பது, கிடைத்த ஓட்டாஞ்சில்லைக் கழுவி நிழலில் காயப்போடுவது, எண் போட்ட பையில் போடுவது. எத்தனை ஆயிரம் சில்லு அவர் கையில் புரண்டிருக்கும் என்று கணக்கே இல்லை. "உள்ள கருப்பா, வெளிய செவப்பா இருக்கும்த்தா. கழுவி எடுத்தா அந்தக் கருப்பு இப்பத்தான் பூசுன மாதிரி மினுங்கும்" என்று விரலால் தட்டின் உட்புறத்தைத் தடவிக் காட்டினார். அந்தக் கருப்பில்தான் விஷயமே இருக்கிறது.

டிவியில் சொன்னது இதுதான். கீழடியில் கிடைத்த பானைச் சில்லுகளின் உட்பக்கக் கருப்புப் பூச்சைச் சுரண்டி, வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2020 நவம்பரில் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் (கார்பன் அணுக்களாலான தாள் சுருண்டு உண்டான மிக நுண்ணிய குழாய்கள்) இருக்கின்றன, சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர், பானையின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்றார்கள். அதற்கு முன்னால் பழங்காலப் பொருளில் நானோ குழாய் இருந்ததென்று பெரிதாகப் பேசப்பட்டது ஒரு டமாஸ்கஸ் வாளைத்தான். 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் பதினேழாம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது அது. அந்த வகை வாளுக்கு எஃகுக் கட்டி போனது இந்தியாவிலிருந்து.

0.6 நானோமீட்டர் என்றால் எவ்வளவு? தலைமுடி ஒன்றை எடுத்து, அதன் தடிமன் கால் கிலோமீட்டர் ஆகும்வரை பெருக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் அப்போதுதான் ஒரு கடுகு அளவுக்கு வரும்.

"அத்தை, என் மிசின்ல அது தெரியாது" என்றேன்.

"பாக்காமயே தெரியாதுங்குறியே?"

அதற்குமேல் என்ன சொல்வது. மறுநாள் லேபுக்குக் கூட்டிப் போனேன். கீழடிச் சில்லு என்னிடம் ஏது, அதைக் குழியிலிருந்து யாரும் வெளியே எடுத்து வரவும் கூடாது. ஆனால் அத்தை பல வருடம் முன்னால் மானாமதுரையில் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்த மீன்சட்டி ஒன்று, போன மாதம் விளிம்பு உடைந்து கொல்லையில் கிடந்தது. வாங்கிய புதிதில் கஞ்சித்தண்ணி ஊற்றி, எண்ணெய் தடவி, அடுப்பில் சூடேற்றி ஆறவைத்து, ஒரு வாரம் பழக்கிய சட்டி. உள்பக்கம் நல்ல கருப்பு. அதிலிருந்து விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லை உடைத்துக்கொண்டோம்.

இந்த வேலையில் ஆட்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, மிசினில் உட்காரும் நேரம் கொஞ்சம்தான், அதற்கு முன்னால் கையால் செய்யும் வேலைதான் அதிகம். மண்பாண்டம் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், அப்படியே உள்ளே வைத்தால் வெற்றிடம் பிடிக்கவே பிடிக்காது, பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் காலையிலேயே ஓவனில் வைத்துக் காயவிட்டேன். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவு அலுமினிய ஸ்டப் ஒன்றின் மேல் கார்பன் டேப் ஒட்டி, அதன்மேல் சில்லை உட்காரவைத்து, ஓரத்தில் வெள்ளிப் பசை ஒரு தொடு தொட்டேன். கையுறை எதற்கு என்று அத்தை கேட்டார். விரல் எண்ணெய் கொஞ்சம் பட்டால் போதும், எலக்ட்ரான் கற்றை படும் இடத்தில் அது கரியாகப் படியும், படம் எடுத்த சதுரம் அப்படியே கருப்புக் கட்டமாக நின்றுவிடும். "நாங்களும் கை வைக்கக்கூடாதும்பாய்ங்க, பிரஸ்தான்" என்றார் அத்தை.

அடுத்தது தங்கப் பூச்சு. மண்ணில் மின்சாரம் ஓடாது. எலக்ட்ரான் போய் விழுந்தால் அங்கேயே தேங்கி, படம் வெள்ளை வெள்ளையாகத் தீய்ந்துபோன மாதிரி வரும். அதனால் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, ஆர்கான் வாயுவில் ஊதா நிறமாக ஒளி எழும்பி நிற்க, ஒன்றரை நிமிடம் தங்கத்தைத் தூவிவிடுவோம். அத்தை அந்த ஊதா வெளிச்சத்தை மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஏறுகிற தங்கத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்.

இங்கேயே கதை முடிந்துவிட்டது. குழாய் 0.6, அதன்மேல் நான் போட்ட தங்கம் 10. மாக்கோலத்தின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிவிட்டு, கோலத்தில் எத்தனை புள்ளி என்று தேடுவது மாதிரி. அத்தையிடம் இதைச் சொன்னேன், தலையாட்டினார், ஆனாலும் பார்க்கவேண்டும் என்றார்.

நூறு மடங்கில் சில்லு ஒரு பொட்டல் காடாகத் தெரிந்தது. ஆயிரம் மடங்கில் களிமண்ணின் தகடுகள், பழைய நோட்டுப் புத்தகம் நனைந்து காய்ந்தால் தாள் எல்லாம் சொருகிக்கொண்டு நிற்குமே, அப்படி. நடுநடுவே மணல் குருணை, ஓட்டைகள். "புத்து மாதிரி இருக்குத்தா" என்றார் அத்தை. இருபதாயிரத்துக்குப் போனபோது கருப்புப் படிந்த பக்கம் வேறு மாதிரி ஆனது, சின்னச் சின்ன உருண்டைகள், திராட்சைக் கொத்துபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. புகைக்கரி. ஒவ்வொரு உருண்டையும் முப்பது, நாற்பது நானோமீட்டர் இருக்கலாம், என் தங்கத்தையும் சேர்த்து. ஐம்பதாயிரம் மடங்கில் உருண்டையின் விளிம்பு பஞ்சாகிவிட்டது. ஒரு லட்சம் என்று திருகினேன், எண் மட்டும் ஏறியது, படத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. எங்களிடம் இருப்பது டங்ஸ்டன் இழை போட்ட சாதாரண வகை. மூன்று நான்கு நானோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் கிடையாது.

நடுவில் ஒன்று நடந்தது. படம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்ததால் ஸ்டிக்மேட்டரைச் சரிசெய்தேன். ஃபோகஸை லேசாக அந்தப் பக்கம் தள்ளினால் உருண்டை இடது சாய்வாக நீளும், இந்தப் பக்கம் தள்ளினால் வலது சாய்வாக நீளும், இரண்டு திருகுகளை மாற்றி மாற்றி நகர்த்தி, எந்தப் பக்கமும் நீளாத இடத்தில் நிறுத்தவேண்டும். இது சொல்லிக் கொடுத்து வருவதில்லை, கையில் பழகவேண்டும். அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார். "ஆஸ்பத்திரில இப்படித்தான். கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேட்டாய்ங்க." கண்ணின் முன்படலமோ வில்லையோ ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருந்தால் வருவதும் நான் திருகிச் சரிசெய்ததும் ஒரே கோளாறுதான், பெயர்கூட ஒன்றுதான், அஸ்டிக்மேட்டிசம். ஒன்பது வருடத்தில் எந்த மாணவனும் இதை இவ்வளவு சீக்கிரம் பிடித்ததில்லை.

வில்லையின் கோளாறு என்ற இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். நானோ படங்களைப் பார்க்கிறவர்கள் 'எத்தனை லட்சம் மடங்கு?' என்றுதான் கேட்பார்கள். மடங்கில் ஒன்றும் இல்லை. கடந்த முப்பது வருடத்தில் நடந்தது மடங்கு கூடியது அல்ல, வில்லையின் குறையைத் தெரிந்துகொண்டு அதற்கு மருந்து கண்டுபிடித்தது.

1873-ல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே என்பவர் ஒளி நுண்ணோக்கிக்கு ஒரு எல்லை இருப்பதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒளி ஒரு அலை, அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது, எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது சுமார் 200 நானோமீட்டர். எலக்ட்ரானுக்கும் அலை உண்டு, 200 கிலோவோல்ட்டில் முடுக்கினால் அதன் அலைநீளம் 0.0025 நானோமீட்டர்தான். 1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் காந்தச் சுருளையே வில்லையாக வைத்து முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கட்டினார்கள், ருஸ்காவுக்கு அப்போது 24 வயது. அதற்கு நோபல் வந்தது 1986-ல்.

அலைநீளம் 0.0025 என்றால் அணுவெல்லாம் அல்வா மாதிரி தெரியவேண்டுமே? தெரியவில்லை. பல பத்தாண்டுகளுக்கு 0.2 நானோமீட்டர் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. காரணம் வில்லை. வட்டமான காந்த வில்லையின் ஓரத்தில் போகும் எலக்ட்ரான், நடுவில் போவதைவிட அதிகமாக வளைந்து, முன்னாலேயே குவிந்துவிடும். புள்ளி புள்ளியாக விழாமல் ஒரு வட்டமாகக் கலங்கும். கோளப் பிறழ்ச்சி என்று பள்ளியில் படித்திருப்போம். கண்ணாடி வில்லையில் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, குவி வில்லையோடு ஒரு குழி வில்லையைச் சேர்த்தால் ஒன்றின் தப்பை இன்னொன்று அடித்துவிடும். ஆனால் வட்டமான காந்தச் சுருளில் குழி வில்லை என்று ஒன்று செய்யவே முடியாது. 1936-ல் ஓட்டோ ஷெர்சர் இதைக் கணிதமாகவே நிரூபித்துவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது அவர் அதோடு நிறுத்தாததுதான். வட்டமாக இருந்தால்தானே இந்தத் தடை, வட்டத்தை உடைத்தால் என்ன என்று 1947-ல் அவரே வழியும் சொன்னார்.

வழி சொல்லி, அது வேலை செய்ய அரை நூற்றாண்டு ஆனது. ஷெர்சரின் மாணவர் ஹரால்ட் ரோஸ் கணக்குப் போட்டார், மாக்ஸிமிலியன் ஹைடர் அதைக் கருவியாகக் கட்டினார், க்னுட் உர்பன் பொருள்களின் மேல் அதைப் பயன்படுத்திக் காட்டினார். ஆறு முனை கொண்ட காந்தங்கள் இரண்டை இடையில் வைத்து, கற்றையை வேண்டுமென்றே கோணலாக்கி, மறுபடி எதிர்ப்பக்கம் கோணலாக்கி, கடைசியில் வில்லையின் பிழை மட்டும் கழிந்துபோகும்படி செய்தார்கள். 1998-ல் வெளியிட்ட முடிவில் 0.24 நானோமீட்டர் பிரித்துக் காட்டிய அதே கருவி ஏறக்குறைய 0.14-க்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் ஓந்த்ரே க்ரிவானெக் வேறு வகைக் காந்தங்களை வைத்து, கற்றையை ஊசிமுனையாக்கி வரிவரியாக ஓடவிடும் வகைக்கு இதைச் செய்தார். நால்வருக்கும் 2020-ல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு கிடைத்தது. கீழடிக் கட்டுரை வந்ததும் அதே வருடம்தான், இது சும்மா என் மனசில் ஒட்டிக்கொண்ட ஒரு தற்செயல்.

கார்பன் ஆட்களுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கார்பன் லேசான அணு. கற்றையின் வேகம் 80 கிலோவோல்ட்டுக்கு மேலே போகப்போக, எலக்ட்ரான் வந்து இடித்து அணுவையே இடத்தைவிட்டுத் தள்ளிவிடும். அதாவது நாம் பார்க்கப் பார்க்கவே குழாய் ஓட்டையாகி, சுருங்கி, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போகும். வேகத்தைக் குறைத்தால் பொருள் பிழைக்கும், ஆனால் அலைநீளம் கூடிப் படம் மங்கும். வில்லையைத் திருத்திய பிறகுதான் 60, 80 கிலோவோல்ட்டில் வைத்துக்கொண்டே, 0.142 நானோமீட்டர் தூரத்தில் நிற்கும் இரண்டு கார்பன் அணுக்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. ஓர் அணுத் தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீன் தேனடையாகத் தெரியும் அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, மிகைப்படுத்தவில்லை.

தொட்டுப் பார்க்கும் வழியும் உண்டு. 1981-ல் ஸூரிச்சின் ஐபிஎம் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் ஓர் ஊசிமுனையைப் பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய், இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும் எலக்ட்ரான்களின் மின்னோட்டத்தை அளந்தார்கள். இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினால் மின்னோட்டம் பத்து மடங்கு மாறும், அதனால் அணுவின் மேடு பள்ளம் தெரிந்துவிடும். இந்த இருவரும் 1986 நோபலை ருஸ்காவோடு பகிர்ந்துகொண்டவர்கள். மின்னோட்டத்துக்குப் பதிலாக விசையை அளக்கும் அதன் தம்பி, அணு விசை நுண்ணோக்கி, 1986-ல் வந்தது. 2009-ல் அதே ஆய்வகத்தில், ஊசிமுனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து, பென்டசீன் என்ற மூலக்கூறின் ஐந்து வளையங்களையும் வரிசையாகப் படம் எடுத்தார்கள். சங்கிலிக் கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

இப்போது நடப்பது இன்னும் ஒரு படி தள்ளி. வில்லை நன்றாக இருக்கவேண்டும் என்பதையே கொஞ்சம் விட்டுவிட்டு, கற்றையை ஒவ்வொரு இடமாக வைத்து, அந்தந்த இடத்தில் எலக்ட்ரான்கள் எப்படிச் சிதறின என்ற முழு வடிவத்தையும் பதிவு செய்துகொண்டு, அடுத்தடுத்த வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதியை வைத்து, பொருள் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் திருப்பிக் கணக்குப் போடுகிறார்கள். டைகோகிராஃபி என்று பெயர். எண்ணம் 1969-லேயே வால்டர் ஹோப்பேக்கு வந்தது, அதற்கு வேண்டிய உணர்வியும் கணினியும் இந்தத் தலைமுறையில்தான் வந்தன. கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2018-ல் 80 கிலோவோல்ட்டிலேயே 0.039 நானோமீட்டர் எட்டியது. 2021-ல் அவர்கள் எடுத்த படத்தில் மிஞ்சியிருந்த மங்கல் பெரும்பாலும் அணுக்களின் வெப்ப அதிர்வால் வந்தது, வில்லையின் குற்றம் இல்லை. ஆபேயில் ஆரம்பித்த சண்டையில், ஆடாமல் நிற்காத அணுவிடம் வந்து நிற்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நான் எம்.ஃபில் செய்தபோது நடந்ததைச் சொல்லவேண்டும். நான் செய்த துத்தநாக ஆக்சைடு துகளுக்கு 'டெம்' படம் வேண்டும், அதாவது எலக்ட்ரான் உள்ளே ஊடுருவிப் போகும் வகை. இங்கே பக்கத்தில் வசதி இல்லாததால் வேறு மாநிலத்தில் ஓர் ஆய்வு நிலையத்துக்குக் கூரியரில் பொடியை அனுப்பினேன். கையிலிருந்த காசைத்தான் கட்டினேன். மூன்று மாதம் கழித்து மின்னஞ்சலில் ஒரே ஒரு படம் வந்தது, நடுவில் கருப்புக் கருப்பாக நாலு திட்டு. எத்தனை கிலோவோல்ட், எந்த கிரிட் (சாம்பிளைத் தாங்கும் சின்ன வலைத் தட்டு), எத்தனை இடம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அந்தத் திட்டுகளை என் துகள் என்று ஆய்வேட்டில் ஒட்டினேன். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம் கழித்து அதை மறுபடி எடுத்துப் பார்த்தபோது புரிந்தது, அது சரியாகக் கழுவாமல் விட்ட உப்பு, காய்ந்து திரண்டது. யாராவது ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்னும் நாலு இடம் பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் என்னிடம் வரும் பிள்ளைகளை நான் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துத்தான் படம் எடுப்பேன், எவ்வளவு நேரம் ஆனாலும்.

சரி, கீழடிக்கு வருவோம். அந்தக் கட்டுரை வந்த வாரம் 'தமிழன் அன்றே நானோ கண்டான்' என்று செய்தி போட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குயவருக்குக் குழாய் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. எரிவாயுச் சுடரின் கரியில்கூட நானோ குழாய்கள் கண்டிருக்கிறார்கள், கார்பன் வெப்பத்தில் அப்படிச் சுருண்டுகொள்ளக்கூடிய பொருள். பெருமைப்படவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பானையை வெளியே சிவப்பாகவும் உள்ளே கருப்பாகவும் சுடுவதற்குக் காற்று எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சூளையை ஆண்டவர்கள் அவர்கள். உள்ளே தாவரச் சாறு ஏதாவது பூசிச் சுட்டிருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. எதுவாக இருந்தாலும், இரண்டாயிரத்து அறுநூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தும் அந்தப் பூச்சு உரியவில்லை. அத்தை கழுவும்போது மினுங்கியது அதுதான்.

படம் எடுக்கிறவளாக எனக்கு ஓர் ஆசையும் இருக்கிறது. 0.6 நானோமீட்டர் குழாய் ஊடுருவல் படத்தில் இரண்டு மெல்லிய இணைகோடுகளாகத்தான் தெரியும். ஆனால் சுருண்ட ஒரு கார்பன் தாள் ஓரமாக நின்றாலும் இரண்டு கோடு மாதிரியே தெரியும். சாம்பிளைச் சாய்த்துச் சாய்த்து எடுத்தால் வித்தியாசம் தெரியும், குழாய் என்றால் எந்தச் சாய்விலும் இரண்டு கோடு நிற்கும், தாள் என்றால் ஒரு சாய்வில் கலைந்துவிடும். ஒற்றைச் சுவர்க் குழாய் என்றால், லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையிலும் ஒரு சாட்சி உண்டு, குழாய் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் ஓர் அதிர்வு, விட்டம் சிறிதாகச் சிறிதாக அதன் எண் கூடும். வில்லை திருத்திய கருவியில், 60 கிலோவோல்ட்டில், பல சில்லுகளில் பல இடங்களில், சாய்த்துச் சாய்த்து இந்தக் கருப்பை மறுபடி பார்க்கவேண்டும். அதைப் பார்க்கிற கருவி ஒரு நாள் மதுரையிலேயே இருக்கவேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் லித்தியம் பேட்டரி வேலை செய்கிறது. அந்த லித்தியம் ஊசி ஊசியாக வளர்வதை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்று 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் காட்டிவிட்டார்கள். தொண்ணூறு கிலோமீட்டருக்குள் கீழடியும் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பொடியைக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் மிசினை நிறுத்திவிட்டுச் சில்லை வெளியே எடுத்தேன். மேலே லேசாக மஞ்சள் பளபளத்தது. "தங்கம் போட்ட மீன்சட்டியா?" என்று அத்தை அதை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். மீதிச் சட்டி என்னிடம்தான் இருந்தது.

மறுநாள் அவரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சட்டியின் கருப்பைக் கத்தி முனையால் சுரண்டி, எத்தனாலில் போட்டு, ஒலி அதிர்வால் கலக்கும் சோனிகேட்டரில் கால் மணி நேரம் கலக்கி, ஒரு சொட்டு எடுத்து, மூன்று மில்லிமீட்டர் வட்டச் செம்பு கிரிட்டின் மேல் விட்டேன். ஓட்டை போட்ட கார்பன் படலம் உள்ள கிரிட். முழுப் படலம் என்றால் கார்பன் மேல் கார்பன் விழுந்து ஒன்றும் தெரியாது, ஓட்டையின் விளிம்பில் தொங்கிக்கொண்டு நிற்கும் துணுக்குதான் நமக்கு வேண்டும். காய்ந்ததும் டப்பாவில் வைத்து எண் எழுதினேன். இது எங்கள் வீட்டுச் சட்டி, கீழடியைப் பற்றி எதையும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு பழக்கிய சட்டியின் கரியில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கே இப்போது ஆசை வந்துவிட்டது. வேறு ஊரில் நல்ல டெம் வைத்திருக்கும் ஓர் இடத்தில் அரை நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன், நானே நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்வேன் என்ற நிபந்தனையோடு.

அத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் போடுகிறார். "போட்டோ வந்துருச்சாத்தா?"

"அடுத்த மாசம் பன்னண்டாந் தேதி அத்தை."

"நானும் வரவா?"

ரயிலில் இரண்டு டிக்கெட்டாகப் போட்டிருக்கிறேன்.